காணாமல் போன 782: ஒரு மந்திரக்காரி நாவலை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியவை

நூலகத்தில் ஒரு பெண் நிற்கிறாள். தேடிய புத்தகம் கைக்கெட்டாத தட்டில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கையை உயர்த்துகிறாள். புத்தகம் தானாக நழுவி அவள் கையில் வந்து விழுகிறது. மேலே மாடத்தில் நின்ற ஒருவன் அதைப் பார்த்துவிடுகிறான். டெபோரா ஹார்க்னஸ் எழுதி 2011இல் வெளிவந்த ‘எ டிஸ்கவரி ஆஃப் விட்ச்சஸ்’ நாவலில் காதல் தொடங்கும் இடம் இதுதான். அவள் டயானா பிஷப்: ரசவாதத்தின் வரலாற்றை ஆராய்பவள், பிறப்பால் மந்திரக்காரி, ஆனால் மந்திரத்தைத் தொடக்கூடாது என்று உறுதி எடுத்திருப்பவள். அவன் மேத்யூ கிளேர்மான்ட்: மரபணு விஞ்ஞானி, ரத்தம் குடித்து வாழும் 1,500 வயதான வாம்பயர்.

இப்படிச் சுருக்கினால் இந்த வகையில் வந்து குவியும் நூறு நாவல்களில் இதுவும் ஒன்று என்றே தோன்றும். இதை வேறாக்குவது ஒரு சங்கதி. ஹார்க்னஸ் அறிவியல் வரலாற்றுப் பேராசிரியர். நாவலுக்கு முன்பே, 1999இல், முதலாம் எலிசபெத் அரசி காலத்து அறிஞர் ஜான் டீ தேவதூதர்களுடன் உரையாடியதாக எழுதிவைத்த குறிப்புகளைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர். ஆகவே நாவலின் சுவர்கள் உண்மைச் சுவர்கள். நூலகம் உண்மை, அங்கே டயானா திறக்கும் ஆஷ்மோல் 782 என்ற ரசவாதச் சுவடியின் எண் உண்மை, அந்தச் சுவடி காணாமல் போனதும் உண்மை. ரசவாதப் படங்களும், அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியக் குற்றம் சாட்டிப் பலரைத் தூக்கிலிட்ட தூக்குமரமும்கூட உண்மை. இவற்றைக் கடந்து காதல் பக்கங்களுக்குத் தாவும் வாசகருக்கு 150ஆம் பக்கத்துக்குள் அலுத்துப்போகும். ஏனென்றால் இந்த நாவலில் காதல் ரசவாதத்துக்குள்தான் இருக்கிறது. ரசவாதத்தைத் தெரிந்துகொண்டால் காதல் எந்தத் திசையில் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. முடிவைச் சொல்லவில்லை.

முதலில் இது என்ன வகை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஃபேன்டஸி ரொமான்ஸ் என்ற பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. காதலை உருவிவிட்டால் கதையே நிற்காது என்றால் அது மந்திரப் பின்னணியில் நடக்கும் காதல் நாவல். காதலை உருவிய பிறகும் போர், சதி, தேடல் என்று கதை நடந்துகொண்டிருந்தால் அது காதல் கலந்த மாயக் கதை. காதல் நாவலுக்கு ஒரு எழுதாத ஒப்பந்தம் உண்டு: என்ன நடந்தாலும் கடைசியில் இருவரும் சேர வேண்டும், வாசகர் நிறைவோடு புத்தகத்தை மூட வேண்டும். ஹார்க்னஸின் நாவல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுவடி இல்லாவிட்டால் காதல் இல்லை, காதல் இல்லாவிட்டால் சுவடி திறக்காது. ஆனால் அந்த ஒப்பந்தத்தை முதல் நூலிலேயே நிறைவேற்ற மாட்டார். 580 பக்கத்துக்கு நெருக்கமான முதல் நூல் ஒரு தாவலின் விளிம்பில் முடிகிறது. அதன் தொடர்ச்சி 2012இலும் 2014இலும் வந்த இரண்டு நூல்களில் இருக்கிறது. மூன்றையும் ஒரே நாவலாக எண்ணித் தொடங்குங்கள். ‘முடிவே இல்லையே’ என்ற ஏமாற்றம் பெரும்பாலும் இது தெரியாததால் வருவது.

நூலகமும் அதன் சத்தியமும்

டயானா சுவடியைத் திறக்கும் இடம் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ள ட்யூக் ஹம்ஃப்ரி வாசிப்பறை. 1488இல் கட்டி முடிக்கப்பட்ட கூடம் அது. பதினாறாம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தக் காலத்தில் புத்தகங்களெல்லாம் வெளியேற்றப்பட்டு வெறுங்கூடமாகக் கிடந்தது. தாமஸ் பாட்லி தன் பணத்தில் அதைச் சீர்படுத்தி 1602இல் மீண்டும் திறந்தார். இந்த நூலகம் யாருக்கும் புத்தகத்தை வெளியே கொடுப்பதில்லை. 1645இல் அரசர் முதலாம் சார்லஸ் கேட்டபோதும் கொடுக்கவில்லை. நாவலில் வாம்பயர்களும் மந்திரக்காரர்களும் டீமன்கள் என்ற இன்னோர் இனத்தாரும் அந்த அறையிலேயே வந்து உட்கார்ந்து டயானாவைச் சூழ்வதற்கு இதுவே காரணம். சுவடி வெளியே வராது. வேண்டியவர்கள்தான் உள்ளே வர வேண்டும். கதைக்காக ஆசிரியர் பூட்டிய கதவல்ல அது. நானூறு ஆண்டுகளாகப் பூட்டியே இருக்கிற கதவு.

இங்கே வாசகர்கள் நுழையுமுன் ஒரு சத்தியம் செய்ய வேண்டும். நூலகத்துக்குள் தீயோ சுடரோ கொண்டுவர மாட்டேன், மூட்ட மாட்டேன், புகைபிடிக்க மாட்டேன் என்பது அதன் முக்கியமான வரி. நாயகியின் அடக்கிவைத்த ஆற்றல்களில் ஒன்று மந்திரத் தீ. விரல் நுனியில் நெருப்பைச் சுமக்கிற ஒருத்தி, தீயைக் கொண்டுவர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் 100 பக்கங்களில் அவளுக்கு உள்ள பதற்றத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை.

சுவடிக்கு வருவோம். எலியாஸ் ஆஷ்மோல் 1617இல் பிறந்து 1692இல் இறந்தவர்; சோதிடம், ரசவாதம், பழம்பொருள் என்று எல்லாவற்றையும் சேர்த்தவர். ஆங்கில ரசவாதப் பாடல்களைத் திரட்டி 1652இல் பதிப்பித்தார். அவர் கொடுத்த பொருள்களைக் கொண்டுதான் 1683இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் திறந்தது. அவருடைய சுவடிகள் 1860இல் பாட்லியனுக்கு மாறின. அவற்றுக்கு 1845இல் வில்லியம் ஹென்றி பிளாக் மிக விரிவான அட்டவணை ஒன்றை வெளியிட்டிருக்கிறார். அந்த வரிசையில் 782 என்ற எண்ணுக்கு உரிய சுவடி இப்போது இல்லை. காணாமல் போன எண்ணைக் கண்டுபிடித்து, அந்த வெற்றிடத்தில் நாவலை நட்டுவைத்திருக்கிறார் ஹார்க்னஸ். சுவடிகளோடு பழகியவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

சுவடி வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். புத்தகத்தைத் தட்டையாக விரிக்கக் கூடாது; இருபுறமும் சாய்வான பஞ்சுத் தாங்கி வைத்து, முதுகு ஒடியாத கோணத்தில்தான் திறக்க வேண்டும். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க, துணிக்குள் ஈயக் குண்டுகள் அடைத்த நீண்ட பாரக்கயிற்றைப் போடுவார்கள். திரைப்படங்களில் வரும் வெள்ளைக் கையுறை தோல் சுவடிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. கழுவித் துடைத்த வெறுங்கையே பாதுகாப்பு. கையுறை போட்டால் தாளின் நுனி விரலுக்குத் தெரியாமல் கிழியும். டயானா சுவடியைத் தொடும்போது உடம்பில் ஏறும் அதிர்வு நடப்பது இப்படிப்பட்ட வெறுங்கை வழியேதான். இன்று ஒன்று மாறியிருக்கிறது: 2015இல் வெஸ்டன் நூலகம் திறந்தபின் அரிய சுவடிகளை அங்கேதான் வாசிக்கக் கொடுக்கிறார்கள். நாவலின் வழியைத் தேடி ஆக்ஸ்போர்டுக்குப் போகிறவர் ட்யூக் ஹம்ஃப்ரியில் ஆஷ்மோல் சுவடியைக் கேட்டால் கிடைக்காது.

சுரண்டி எழுதிய தோல்

ஆஷ்மோல் 782 ஒரு பாலிம்செஸ்ட். அதாவது, பழைய எழுத்தைச் சுரண்டியோ கழுவியோ நீக்கிவிட்டு அதே தோலில் வேறொன்றை எழுதிய சுவடி. நாவலில் அடியில் இருக்கும் எழுத்துகள் மந்திரத்தால் மறைந்திருக்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தின் மேல் நகர்கின்றன. மந்திரத்தை விட்டுவிட்டாலும், அழித்த எழுத்து திரும்பி வருவது நடப்பதுதான். ஏன் என்பதை அறிய மையைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பியச் சுவடிகளில் மிகுதியாகப் புழங்கிய கறுப்பு மைக்கு மூன்று சரக்குகள் போதும். ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் புடைக்கும் காய், இரும்பு சல்பேட், வேலம் பிசின். மூன்றுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. முதலாவது மாசிக்காய், குழந்தைக்கு உரைமருந்து உரைக்கும் வீட்டில் எல்லாம் இருப்பது. இரண்டாவது அன்னபேதி. மூன்றாவது கருவேலம் பிசினின் இனம். ஐரோப்பாவின் மாபெரும் நூலகங்களை நிரப்பிய மையின் சரக்குகள் மூன்றையும் இன்றைக்கும் ஒரே நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவிடலாம். மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடிகட்டிய நீரில் அன்னபேதியைக் கரைத்து, பிசினைச் சேர்ப்பார்கள். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டுப் பட்டு ஒரு நாளுக்குள் கறுக்கும். இந்த மை மேலே படிந்து நிற்காது, தோலுக்குள் இறங்கிக் கடித்துக்கொள்ளும். கத்தியால் சுரண்டினாலும் இரும்பின் தடம் உள்ளே தங்கிவிடும். அன்னபேதி அளவு மிஞ்சிவிட்டால், கடிக்கிற மை தோலையே அரித்து, எழுத்திருந்த இடத்தில் ஓட்டை விழும்.

புற ஊதா ஒளியில் வைத்தால் தோல் நீலமாக ஒளிரும். இரும்பு தங்கிய இடங்கள் அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். அழித்த வரி அப்படியே எழுந்து நிற்கும். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆர்க்கிமிடீஸ் பாலிம்செஸ்ட். பத்தாம் நூற்றாண்டில் எழுதிய கணிதப் பிரதியை 1229இல் அழித்துப் பிரார்த்தனைப் புத்தகமாக்கிவிட்டார்கள். 1998இல் அது 20 லட்சம் டாலருக்கு ஏலம் போன பிறகு, பலவகை ஒளிகளில் படமெடுத்து அடியிலிருந்த ஆர்க்கிமிடீஸை மீட்டார்கள். நாவலைப் படிக்கும்போது இதோடு ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சுவடியின் ஏடு காகிதமல்ல, உயிரினத்தின் தோல். முதல் நூலில் அந்தப் புத்தகத்தின் கனத்தைப் பற்றியும் வாடையைப் பற்றியும் வரும் வரிகளை அடிக்கோடிட்டு வையுங்கள். அந்தக் கணக்கு மூன்றாம் நூலில் தீரும்.

ராஜாவும் ராணியும்

நாவலின் இதயம் இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பிய ரசவாதிகள் ஈயத்தைப் பொன்னாக்க முயன்றவர்கள் என்று மட்டும் நினைத்தால் இந்தக் காதல் கதை கைக்கு வராது. எல்லா உலோகமும் கந்தகம், பாதரசம் என்ற இரண்டு தத்துவங்களின் சேர்க்கை என்பது அவர்களுடைய அடிப்படை. கந்தகம் ஆண்: சூடு, வறட்சி, சூரியன், சிவப்பு ராஜா. பாதரசம் பெண்: குளிர், ஈரம், நிலா, வெள்ளை ராணி. இரண்டையும் இணைப்பதற்கு ரசாயனத் திருமணம் என்றே பெயர் வைத்தார்கள். அந்த வேலை நிறங்களாக நடக்கும்: முதலில் எல்லாம் அழுகிக் கறுக்கும், பிறகு கழுவி வெளுக்கும், கடைசியில் சிவக்கும். பழைய நூல்களில் வெளுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சளும் ஒரு படி.

1550இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சான ‘ரோசாரியம் ஃபிலசஃபோரம்’ என்ற நூலில் இந்தத் திருமணத்தைக் காட்டும் மரவெட்டுப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. ராஜாவும் ராணியும் அரச உடையில் சந்தித்துக் கை பிடிக்கிறார்கள். உடையைக் களைகிறார்கள். ஒரே தொட்டியில் இறங்குகிறார்கள். கூடுகிறார்கள். அடுத்த படத்தில் இரண்டு தலையும் ஓருடலுமாகச் செத்துக் கிடக்கிறார்கள். உயிர் மேலே போகிறது. வானத்திலிருந்து பனி இறங்கிப் பிணத்தைக் கழுவுகிறது. உயிர் திரும்புகிறது. ஆணும் பெண்ணும் ஒன்றான புதிய உருவம் எழுந்து நிற்கிறது.

சாவு கூடலுக்குப் பின்னால் வருகிறது, முன்னால் அல்ல. காதல் நாவல் எழுதுபவர்களும் இதே வரிசையைத்தான் பிடிப்பார்கள்: சந்திப்பு, தொடுதல், மறைப்பு நீங்குதல், இணைவு, பிறகு எல்லாம் தொலைந்துவிட்டதென்று தோன்றும் கறுப்புத் தருணம், அதன் பின் மீட்சி. மற்ற நாவலாசிரியர்கள் பழக்கத்தால் செய்வதை ஹார்க்னஸ் மூலத்தை அறிந்து செய்கிறார். பிரான்சின் ஓவெர்ன் பகுதியில் உள்ள மேத்யூவின் குடும்பக் கோட்டையில் இருவரும் தங்களை இணையாக அறிவித்துக்கொண்ட பிறகுதான் டயானா கடத்தப்பட்டு இருட்டுக் குழிக்குள் தள்ளப்படுகிறாள். அது கருமை. அதற்குப் பின் மேத்யூ சாவின் விளிம்புக்குப் போகும்போது அவனைக் காப்பது அவள் ரத்தம். அது செம்மை. படங்களின் வரிசையைத் தெரிந்துகொண்டு படிப்பவருக்குக் கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். எது வரும் என்று தெரிந்தபின் எப்படி வரும் என்ற ஆவல் கூடும். தெருக்கூத்தில் கர்ணன் சாவான் என்பது தெரிந்துதானே விடியவிடிய உட்கார்ந்திருக்கிறோம்.

நாயகியின் பெயரும் தற்செயல் அல்ல. டயானா ரோமானிய நிலாத் தெய்வம். ரசவாத நூல்களில் வெள்ளிக்கும் வெண்மைப் படிக்கும் குறிப்புப் பெயராக டயானா வருகிறாள். வெள்ளை ராணி தொடக்கத்திலேயே தன் பெயரைச் சொல்லிவிடுகிறாள்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். நம் சித்த மரபிலும் ரசவாதம் உண்டு, அங்கும் இதே இரண்டு சரக்குகள்தான். ஆனால் பால் மாறியிருக்கும். பாதரசம் சிவனுடைய விந்து, கந்தகம் சக்தியின் நாதம். ஐரோப்பாவில் ராணியாக இருந்த பாதரசம் இங்கே ஆண். ராஜாவாக இருந்த கந்தகம் இங்கே பெண். நம் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நாவலின் படங்களைப் படித்தால் எல்லாம் தலைகீழாகும். ஆகவே நாவலுக்குள் இருக்கும்வரை ஐரோப்பியக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மரபுக்கும் பொதுவாக உள்ள ஒன்று நிறம். 100 கிராம் பாதரசத்தோடு 16 கிராம் கந்தகம் சேர்ந்தால் வேதியியல் கணக்குச் சரியாக நிற்கும். கல்வத்தில் சேர்த்து அரைத்தால் முதலில் வருவது கரி போன்ற கறுப்புத் தூள். அதைச் சூடேற்றிப் பதங்கமாக்கினால் அதே பொருள், எதுவும் கூடாமல் குறையாமல், செக்கச்செவேலென்ற சாதிலிங்கமாக மேலே படியும். கறுப்பிலிருந்து சிவப்பு. இரண்டு கண்டங்களிலும் மனிதர்கள் இந்தப் பாத்திரத்தைப் பார்த்துச் சாவையும் பிறப்பையும் நினைத்ததில் வியப்பில்லை. (பாதரச ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.)

ஆற்றலுக்கு ஒரு கணக்குத் தாள்

மந்திரக் கதைகளில் வாசகர் நம்பிக்கை இழப்பது ஓரிடத்தில்தான்: ஆபத்து வந்ததும் இதுவரை சொல்லாத ஓர் ஆற்றல் திடீரென்று முளைக்கும்போது. டயானாவுக்கும் காற்று, நீர், பறத்தல், தீ என்று ஒவ்வொன்றாக வருகிறது. மேலோட்டமாகப் படித்தால் ஆசிரியர் தன் வசதிக்குச் சேர்த்துக்கொண்டே போவதாகத் தோன்றும். இதைச் சரிபார்க்க ஒரு வழி. அரைத் தாளை மடித்து மூன்று பத்தி போடுங்கள்: எந்த ஆற்றல், எந்த உணர்ச்சி அதைத் திறந்தது, அதற்குப் பின் உடம்பில் என்ன ஆயிற்று. சுவடி வரலாற்றாளர் போலப் பக்க எண்ணையும் குறியுங்கள். நான்கைந்து பதிவுகள் சேர்ந்ததும் ஒழுங்கு தெரியும். நீர் பெருகுவது பிரிவின் துக்கத்தில். பறத்தல் வருவது குழிக்குள் வேறு வழியே இல்லாதபோது. எதுவும் அவள் ஆசைப்பட்டதால் வரவில்லை. தேவை வந்தபோது வந்தது. சின்ன வயதில் பெற்றோரே அவளைப் பாதுகாக்க அவள் ஆற்றலைக் கட்டிவைத்திருந்தார்கள் என்பது வெளிப்படும்போது தாள் முழுவதும் பொருள் கொள்கிறது. புதிதாக எதுவும் முளைக்கவில்லை. போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன.

அதே தாளின் மறுபக்கத்தில் பார்வைக் கோணத்தைக் குறித்துக்கொள்ளலாம். டயானா ‘நான்’ என்று சொல்கிறாள். மேத்யூ தனியாக இருக்கும் அத்தியாயங்கள் மட்டும் படர்க்கையில் நடக்கின்றன. அவன் எதை அவளிடம் மறைக்கிறான் என்பது அங்கேதான் தெரியும். இதைக் கவனிக்காதவர்கள் அவனுடைய கட்டுப்படுத்தும் குணத்தைக் காதலாகவே எடுத்துக்கொள்வார்கள். அவள் அறியாமல் வேவு பார்ப்பதும், அவளைக் கேட்காமல் முடிவெடுப்பதும், வாம்பயர் இயல்பு என்று காரணம் சொல்லப்பட்டாலும், ஆதிக்கம்தான். இந்த வகை நாவல்களின் பலவீனம் அது, இந்த நாவலும் அதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. இரண்டாம் நூலில் டயானா திருப்பிக் கேட்கத் தொடங்குகிறாள் என்பது ஓரளவு ஈடு.

எந்தச் சொல்லால் அழைப்பது

இந்த நாவலைப் பற்றித் தமிழில் பேச முனைந்ததும் முதல் சொல்லே இடறும். அகராதி தருவது சூனியக்காரி. சூனியம் வைப்பது என்றால் பிறருக்குக் கேடு செய்வது. அது ஒரு குற்றச்சாட்டு. நாவலில் விட்ச் என்பது ஒரு பிறப்பு, மனிதரோடு கூடவே வாழும் மூன்று தனி இனங்களில் ஒன்று. அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மாயக்காரி என்றால் மயக்குபவள் என்ற நிழல் விழும். மந்திரக்காரி, மந்திரக்காரன் என்பவை ஓரளவு பொருந்தும். வாம்பயருக்கு ரத்தக் காட்டேரி என்பதும் சரியில்லை. காட்டேரி நம் ஊர்களில் பலருக்குக் குலதெய்வம், படையல் வாங்கும் அம்மன். டீமன் என்ற மூன்றாவது இனம் பேயும் அல்ல, பிசாசும் அல்ல. கிரேக்கர்கள் சொன்ன, மனிதருக்குள் இருந்து படைப்பூக்கம் தரும் ஆவியின் பெயரிலிருந்து வந்தது. வாம்பயர், டீமன் இரண்டையும் அப்படியே எழுதுவதுதான் நேர்மை.

சொல்லில் தொடங்கும் இந்தச் சிக்கல் வரலாற்றிலும் இருக்கிறது. கி.பி. 906 வாக்கில் பதிவான கானன் எபிஸ்கோபி என்ற திருச்சபை ஆவணம், சில பெண்கள் இரவில் டயானா என்ற தெய்வத்தோடு விலங்குகள் மீதேறிப் பறப்பதாக நம்புகிறார்கள், அது சாத்தான் காட்டும் கனவு, உண்மையில் நடப்பதல்ல என்கிறது. நம் நாயகியின் பெயர் இங்கும் வந்து நிற்கிறது. பறக்கிறேன் என்று நம்புவதுதான் அன்று பிழை. 1486-87இல் ஹைன்ரிச் கிராமர் எழுதி அச்சிட்ட, சூனிய வேட்டைக்கான கையேடான ‘மல்லேயுஸ் மலேஃபிகாரும்’ நூலுக்கு வரும்போது அது புரண்டுவிட்டது: பறப்பது உண்மை, அதை மறுப்பதுதான் பிழை. கனவு குற்றமாக மாறிய அந்த ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகளைப் புரிந்துகொண்டால், நாவலில் மந்திரக்காரர்கள் ஏன் இவ்வளவு ஒளிந்து வாழ்கிறார்கள் என்பது புரியும்.

இந்த வகை நாவல்களிலும் அவற்றைச் சுற்றிய பேச்சிலும் ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று 90 லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்ற எண் திரும்பத் திரும்ப வரும். அது தவறு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சிறு நகரத்தின் கணக்கை ஐரோப்பா முழுவதற்கும் பெருக்கிப் போட்டதால் வந்த எண். ஆவணங்களை வைத்து வரலாற்றாளர்கள் சொல்வது 1450 முதல் 1750 வரை 40,000 முதல் 60,000 பேர். அவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு பெண்கள். ஐஸ்லாந்தில் கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இங்கிலாந்துச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு, எரிப்பல்ல. அந்தச் சட்டத்தின் கீழ் இருந்த சேலத்திலும் யாரும் எரிக்கப்படவில்லை.

டயானாவின் குடும்பப் பெயர் சேலத்திலிருந்து வருகிறது. தாய்வழியில் பிரிட்ஜெட் பிஷப், தந்தைவழியில் ஜான் ப்ராக்டர். இருவரும் 1692இல் தூக்கிலிடப்பட்ட உண்மை மனிதர்கள். பிரிட்ஜெட்தான் முதல் ஆள், ஜூன் 10 அன்று. அந்த ஆண்டில் 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலேறினார்கள். 80 வயதை ஒட்டிய ஜைல்ஸ் கோரி, குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ வாய் திறக்காததால், கற்களை அடுக்கி நசுக்கிக் கொல்லப்பட்டார். சாட்சி என்று ஏற்கப்பட்டது பெரும்பாலும் ஆவிச் சாட்சி: ‘அவளுடைய உருவம் வந்து என்னைக் கிள்ளியது’ என்று ஒருவர் சொன்னால், அவள் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் குற்றம்தான். பிரிட்ஜெட் விஷயத்தில் கூடுதலாக, அவள் வீட்டு நிலவறைச் சுவரை இடித்த வேலையாட்கள் அதற்குள் ஊசி குத்திய துணிப் பொம்மைகளைக் கண்டதாகச் சொன்னார்கள். சுவருக்குள் அவற்றை வைத்தது யார் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

நாவலில் பிஷப் என்ற பெயர் தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாக இறங்குகிறது. உண்மையில் பிஷப் என்பது பிரிட்ஜெட்டின் மூன்றாவது கணவரின் பெயர். அவளுக்குப் பிழைத்திருந்த மகள் இரண்டாவது கணவருக்குப் பிறந்தவள். ரத்த வழியில் வந்தவர்கள் பிஷப் என்ற பெயரைச் சுமக்க வாய்ப்பில்லை. கதைக்காக ஆசிரியர் எடுத்துக்கொண்ட சலுகை இது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

குறையாகச் சொல்ல வேண்டியது வேறொன்று. இந்த நாவல் மட்டுமல்ல, சேலத்தைத் தொடும் மந்திரக் கதைகள் பெரும்பாலும், கொல்லப்பட்டவர்களை உண்மையிலேயே மந்திரக்காரர்களாக ஆக்கிவிடுகின்றன. அன்போடுதான் செய்கின்றன, அவர்களுக்கு ஆற்றலும் பெருமையும் கொடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் அப்படிச் செய்யும்போது குற்றம் சாட்டியவர்கள் சொன்னது சரி என்றாகிவிடுகிறது. இந்த வலி நமக்கு அந்நியம் அல்ல. இந்தியாவில் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தித் தாக்குவது இன்னும் நிற்கவில்லை. அதைத் தடுக்க பீகார் 1999இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஜார்க்கண்ட் அதே சட்டத்தை 2001இல் ஏற்றுக்கொண்டது. நாவலை ரசிக்கும்போதே இந்த ஒரு இடத்தில் நாவலை நம்பாமல் இருக்க வேண்டும்.

விசாரணையில் பிரிட்ஜெட் பிஷப் சொன்னது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது: தான் குற்றமற்றவள், சூனியக்காரி என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது. மாசசூசெட்ஸ் 1711இல் பலருடைய தண்டனையை நீக்கி, குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தபோது அவள் பெயர் பட்டியலில் இல்லை. அவளோடு சூசன்னா மார்ட்டின், ஆலிஸ் பார்க்கர், வில்மாட் ரெட், மார்கரெட் ஸ்காட் ஆகிய நால்வரின் பெயரையும் சேர்த்து, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று சட்டம் கையெழுத்தானது 2001 அக்டோபர் 31 அன்று. தூக்கிலேற்றி 309 ஆண்டுகள் கழித்து.